கோப்பையும் சமத்துவமும்: யாழ்ப்பாணத்துப் பொது உணவுச்சாலை பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

முன்னுரை

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்துள்ள வேலணைத் தீவின் அல்லைப்பிட்டிக் கரையில், 1970களின் பிற்பகுதியில் ஜோன் காஸ்வெல் என்னும் ஆய்வாளர் சீனப் பீங்கான் துண்டுகளைப் பெருமளவிற் கண்டெடுத்து ஆராய்ந்தார். அவை கி.பி. பதினோராம், பன்னிரண்டாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த, சொங் வம்சக் காலத்துக் கலங்கள் எனத் துணியப்பட்டன. 2018ஆம் ஆண்டில் சாங்காய் அரும்பொருளகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இலங்கைத் தொல்லியலாளருடன் இணைந்து அவ்விடத்தில் மீண்டும் அகழ்வு நிகழ்த்தினர். முதலாம் பராக்கிரமபாகு மன்னன் பிறப்பித்த ஆணையொன்றைத் தமிழிற் கூறும் நயினாதீவுக் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகரையும் அவர்தம் கலங்களையும் பற்றிப் பேசுகின்றது. அக்கல்வெட்டினையும் அல்லைப்பிட்டிச் சான்றுகளையும் ஒருங்கு வைத்து நோக்கும்போது, ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சீனத்து உண்கலம் எமது கரையை அடைந்துவிட்டமை தெளிவாகின்றது.

ஆயின், அதே நிலப்பரப்பில் வெவ்வேறு சாதியினரான இருவர் ஒரு தேநீர்க்கடையில் ஒரே வாங்கில் அமர்ந்து, ஒரே வகைக் கோப்பையில் தேநீர் அருந்துவதற்கு இருபதாம் நூற்றாண்டின் அறுபதுகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அக்காத்திருப்பும் அமைதியாக முடிவுறவில்லை. கலம் கடலைக் கடந்து வந்தது. கலத்தைப் பகிர்ந்துகொள்ளும் உரிமை தெருவைக் கடந்து செல்ல முடியாதிருந்தது. இம்முரண்பாட்டை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பணம் கொடுக்கும் எவரும் உணவு பெறக்கூடிய இடமே பொது உணவுச்சாலை என்று நாம் இன்று இயல்பாகக் கருதுகின்றோம். ஐரோப்பிய நகரொன்றின் மையத் தெருவில் சீனக் குடும்பமொன்று நடத்தும் உணவகத்தினுள் நுழையும் யாழ்ப்பாணத்தவர் ஒருவரும் அவ்வாறே கருதுகின்றார். அவ்வியல்பு எவ்வாறு தோன்றியது? சந்தையின் வளர்ச்சி அதனைத் தானாகவே தந்ததா? அன்றேல் எவரேனும் அதனைப் போராடிப் பெற்றனரா? குடாநாட்டின் வரலாற்றையும், ஐரோப்பாவிற் சீனர் நிறுவிய குடும்ப உணவகங்களின் வரலாற்றையும், அவ்வைரோப்பிய நகரங்களுக்குச் சென்றடைந்த யாழ்ப்பாணத்தவரின் அனுபவத்தையும் ஒப்பிட்டு நோக்குவது இவ்வினாக்களுக்கு விடை காண உதவும்.

உண்கலமும் சாதியும்

உணவைப் பொறுத்த சாதி விதிகளின் மையத்தில் எச்சில் பற்றிய கருத்து உள்ளது. வாய் பட்ட கலம் தீட்டுடையது. ஆனால் எல்லாக் கலங்களும் ஒரே தன்மையன அல்ல. பித்தளையும் வெண்கலமும் புளியும் சாம்பலும் கொண்டு விளக்கினாற் சுத்தமாகும். மட்பாண்டம் உறிஞ்சும் தன்மையுடையதாதலின் ஒருமுறை தீட்டுப்பட்டால் மீளச் சுத்தமாவதில்லை. வாழையிலை எறியப்படுவதால் அச்சிக்கலே எழுவதில்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் வழங்கிய மூக்குப்பேணி இக்கருத்துநிலையின் பொருள்வடிவம் எனலாம். உதடு படாமல் அண்ணாந்து நீர் அருந்துவதற்கென்றே அமைந்த கலம் அது. விருந்தினருக்கு உபசாரம் செய்யும் அதே வேளை, விருந்தினரின் வாயை வீட்டின் கலத்திலிருந்து விலக்கியும் வைத்தது.

கள்ளருந்தும் வழக்கத்திலும் இதே தர்க்கம் தொழிற்பட்டது. பனையோலையாற் செய்த பிளா ஒருவர் குடித்தபின் எறியப்படுவது. பனையேறும் சமூகத்தவர் இறக்கிய கள்ளைப் பிற சாதியினர் தயக்கமின்றி அருந்தினர். அதே சமூகத்தவர் தொட்ட கிணற்று நீரை அவர்கள் அருந்த மறுத்தனர். ஓர் உற்பத்திப் பொருளாகக் கள் தேவைப்பட்டது. உழைப்பாளியின் சமூக இருப்பே விலக்கப்பட்டது. தீட்டு என்னும் கருத்து, தூய்மை பற்றிய விதி என்பதிலும் பார்க்க, உழைப்பைப் பெற்றுக்கொண்டு உழைப்பவரைத் தூரத்தில் நிறுத்துவதற்கான ஒழுங்கு என்பதை இது நன்கு புலப்படுத்துகின்றது.

இவ்வொழுங்கிற்கு நிலவுடைமையே அடித்தளமாயிருந்தது. ஒல்லாந்தர் 1707ஆம் ஆண்டிற் கிளாஸ் ஐசாக்ஸ் என்பவரைக் கொண்டு தொகுப்பித்த தேசவழமைச் சட்டம், கோவியர், பள்ளர், நளவர் ஆகியோரை அடிமை உறவினுள் வைத்து நோக்குகின்றது. 1844ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் நிலம் எவரிடம் இருந்ததோ அவரிடமே கிணறும் இருந்தது. கிணறு எவரிடம் இருந்ததோ அவரே எவருக்கு எக்கலத்தில் நீர் வார்ப்பது என்பதைத் தீர்மானித்தார். ஆறுகளற்ற, நிலத்தடி நீரையே நம்பியிருக்கும் குடாநாட்டில் இவ்வதிகாரம் சிறிதன்று.

மிஷனரிமார் வருகையோடு எழுந்த முதற் பிரச்சினைகளுள் ஒன்று உணவு பற்றியதாக அமைந்தமை வியப்புக்குரியதன்று. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரியைத் தொடங்கிய காலத்தில், மாணவர் பலர் கிறிஸ்தவரின் வளவினுள் உணவு உண்ண மறுத்தமையால், அயலிலிருந்த சைவரின் காணியில் அதற்கென ஒழுங்கு செய்ய நேர்ந்தது. ஆங்கிலத்தையும் வானசாத்திரத்தையும் ஏற்றுக்கொண்ட உள்ளம், அடுப்பு எங்கே எரிகின்றது என்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. அறிவை உட்கொள்வது வேறு, சோற்றை உட்கொள்வது வேறு என்னும் பிரிப்பு யாழ்ப்பாணத்து நவீனத்துவத்தின் தொடக்கத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

தேநீர்க்கடையின் தோற்றம்

வீட்டுக்கும் கோயில் மடத்துக்கும் வெளியே விலைக்கு உணவு விற்கும் இடம் பெருகுவதற்குச் சில பொருளியல் நிபந்தனைகள் தேவைப்பட்டன. வீட்டை விட்டு நெடுநேரம் விலகியிருக்கும் மனிதர், கையிற் காசு, அவர்கள் கூடும் சந்திகள் என்பன அவை. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிற் புகையிரதப் பாதை குடாநாட்டைக் கொழும்போடு இணைத்தது. நீதிமன்றம், கச்சேரி, கல்லூரி என்பன நாளாந்தம் வெளியூராரை நகருக்கு இழுத்தன. புகையிலை, வெங்காயம், மிளகாய் ஆகிய பணப்பயிர்களின் வாணிபம் சுன்னாகம், சங்கானை, சாவகச்சேரி, அச்சுவேலி, நெல்லியடி முதலிய சந்தைகளை வளர்த்தது. மலாயாப் புகையிரதச் சேவையிலும் அரச அலுவலகங்களிலும் கடமையாற்றியோரின் பணமும் ஓய்வூதியமும் ஊருக்கு வந்தன. யாழ். நகரத்து மலாயன் கபே என்னும் பெயர் அக்கடல்கடந்த தொடர்பை இன்றும் நினைவூட்டி நிற்கின்றது.

தேநீர்க்கடை நகரத்திற்கும் கிராமத்திற்கும் இடைப்பட்ட ஒரு புதிய நிறுவனமாயிற்று. செய்தித்தாள் அங்கே உரத்து வாசிக்கப்பட்டது, விலைவாசி பேசப்பட்டது, தேர்தற் கூட்டங்கள் விமர்சிக்கப்பட்டன. மேலைத்தேய வரலாற்றாசிரியர் இலண்டன் கோப்பிக்கடைகளைப் பொதுவெளியின் பிறப்பிடமாகக் கொள்வர். எமது தேநீர்க்கடைக்கும் அப்பண்பின் சாயல் உண்டு. ஆனால் இரு குறைபாடுகள் அதனை உள்ளிருந்தே அரித்தன. ஒன்று, அது ஆண்களின் இடமாகவே இருந்தது. மற்றது, அது எல்லா ஆண்களுக்கும் உரிய இடமாகவும் இருக்கவில்லை.

'பஞ்சமர்' எனத் தொகுத்துக் கூறப்பட்ட மக்கள் கடையினுள் வாங்கில் அமர அனுமதிக்கப்படவில்லை. அவர்கள் வெளியே நின்றோ நிலத்திற் குந்தியோ அருந்த வேண்டும். அவர்களுக்கெனச் சிரட்டையோ, தகரப்பேணியோ, வெறுஞ் சோடாப் போத்தலோ ஒதுக்கப்பட்டிருந்தது. கண்ணாடிக் கிளாஸ் உள்ளேயிருப்போருக்கு உரியது. கொடுத்த காசு ஒன்றே. பெற்ற தேநீரும் ஒரே பானையிலிருந்து வார்க்கப்பட்டதே. வேறுபட்டது கலமும் இடமும் மட்டுமே. பண்டப் பரிவர்த்தனை மனிதரைச் சமப்படுத்தும் என்னும் எளிய பொருளியல் எதிர்பார்ப்பு இங்கே தோல்வி காண்கின்றது. காசு சாதியைக் கரைக்கவில்லை. சாதி காசை ஏற்றுக்கொண்டு தன்னைப் புதிய கட்டடத்தினுள் அமைத்துக்கொண்டது.

கடைக்கு வரும் அந்நியர் ஒருவரின் தோற்றத்தைக்கொண்டு அவர் எவரெனத் துணிய முடியாதபோது, 'எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?' என்னும் வினா எழுந்தது. கேட்போருக்கு அது பண்பான விசாரிப்பு. கேட்கப்பட்டவருள் ஒரு பகுதியினருக்கோ அது கிளாஸா போத்தலா என்பதைத் தீர்மானிக்கும் நீதிமன்றம்.

கடை உரிமையாளரின் நிலையையும் நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். அவர்களுட் பலர் சிறு முதலீட்டாளர். கடை நிற்கும் காணி பிறிதொருவருடையதாகவும், வாடிக்கையாளருட் செல்வாக்குடையோர் நிலவுடைமையாளராகவும் இருந்த சூழலில், பட்டறையில் இருந்த முதலாளி தன் விருப்பப்படி கிளாஸை நீட்டக்கூடியவராக இருக்கவில்லை. ஒருவருக்குச் சமமாகப் பரிமாறினால் இன்னும் இருபது பேர் கடையைப் பகிஷ்கரிப்பர் என்னும் அச்சம் அவரை ஆட்கொண்டிருந்தது. எனவே கடைகள் ஒவ்வொன்றாக நல்லெண்ணத்தினால் மாறும் என எதிர்பார்ப்பது பயனற்றதாயிற்று. எல்லாக் கடைகளும் ஒரே வேளையில் மாறினால் மட்டுமே எந்தக் கடையும் மாற முடியும் என்பதே அன்றைய நிலைமை. கூட்டுப் போராட்டமும் சட்டமும் அவசியமானமைக்கு இதுவே அடிப்படைக் காரணம்.

பாடசாலைப் பந்தி

தேநீர்க்கடைக்கு முன்னர் இப்பிரச்சினை பாடசாலையில் வெளிப்பட்டது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தோன்றிப் பின்னர் வாலிபர் காங்கிரஸெனப் பெயர்பெற்ற இயக்கம், தீண்டாமை ஒழிப்பைத் தன் கொள்கைகளுள் ஒன்றாகக் கொண்டிருந்தது. ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் அதனை வழிநடத்தினர். 1927 நவம்பரில் அவ்வியக்கத்தின் அழைப்பை ஏற்று மகாத்மா காந்தி யாழ்ப்பாணத்துக்கு வருகை தந்தமை இச்சிந்தனைக்கு வலுவூட்டியது.

1920களின் இறுதியில் அரசின் உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படல் வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அதுவரை நிலத்திலோ தாழ்ந்த பலகையிலோ இருத்தப்பட்ட பிள்ளைகள் ஏனையோருடன் வாங்கில் அமர்ந்தனர். எதிர்ப்பு உடனடியாக எழுந்தது. விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன, சில பாடசாலைகள் தீயிடப்பட்டன. ஆசனத்தின் பின் வரவேண்டியது போசனம் என்பதை எதிர்த்தோர் நன்கு உணர்ந்திருந்தனர். விடுதிகளிற் சமபந்தி பற்றிய தகராறுகள் நீண்டகாலம் நீடித்தன. பள்ளிக்கூடத்தின் வாங்கும் தேநீர்க்கடையின் வாங்கும் வேறுவேறு பொருட்களல்ல. முன்னையதில் அமர்ந்து எழுதப் பழகிய தலைமுறையே பின்னையதில் அமரும் உரிமையைக் கோரியது.

தேநீர்க்கடைப் பிரவேசம்

1940களில் உருவாகிய அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை, ஒடுக்கப்பட்ட மக்களின் அமைப்புரீதியான குரலாக இயங்கியது. எம். சி. சுப்பிரமணியம் போன்றோரின் உழைப்பினால் 1950களில் யாழ். நகரத்துத் தேநீர்க்கடைகளைத் திறந்துவிடக் கோரும் இயக்கம் முன்னெடுக்கப்பட்டது. 1957ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் நிறைவேற்றிய 21ஆம் இலக்கச் சட்டம், சாதி காரணமாக ஒருவர்மீது சமூகக் குறைபாடுகளைச் சுமத்துவதைக் குற்றமாக்கியது. கடைகளிலும் உணவுச்சாலைகளிலும் வழிபாட்டிடங்களிலும் ஒருவரைத் தடுத்தல் சட்டத்தின் பார்வையிற் குற்றமாயிற்று. 1971இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன.

ஆயினும் சட்டம் நிறைவேறியமை வேறு. சங்கானைச் சந்தியில் ஒரு தொழிலாளி கிளாஸைக் கையிற் பெறுவது வேறு. பொலிசாரிடம் முறையிட்டவர் மறுநாள் அதே நிலவுடைமையாளரின் தோட்டத்துக்கே கூலிக்குச் செல்ல வேண்டியிருந்தது. நகரத்தில் ஓரளவு நெகிழ்ந்த வழமை, கிராமச் சந்தைகளில் இறுகியே நின்றது.

1966 ஒக்ரோபர் 21ஆம் நாள், நா. சண்முகதாசன் தலைமையிலான கம்யூனிஸ்ட் கட்சியின் முன்முயற்சியில், சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிய ஊர்வலம் ஒழுங்கு செய்யப்பட்டது. பொலிசாரின் தடியடியை எதிர்கொண்டும் அவ்வூர்வலம் முற்றவெளியை அடைந்தது. 1967இல் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் நிறுவப்பட்டது. எஸ். ரி. என். நாகரத்தினம், எழுத்தாளர் கே. டானியல் ஆகியோர் அதில் முக்கிய பங்காற்றினர். சங்கானை, சாவகச்சேரி, அச்சுவேலி, நெல்லியடி, கன்பொல்லை முதலிய இடங்களிற் போராட்டங்கள் தொடர்ந்தன. கடைகளினுள் அணியாக நுழைதல், வாங்கில் அமர்தல், கிளாஸில் தேநீர் கேட்டல் என்பனவே அவர்கள் மேற்கொண்ட செயல்கள். உலகின் எந்நகரத்திலும் கவனத்தை ஈர்க்காத இச்செயல்களுக்காக எமது மண்ணில் வீடுகள் எரிக்கப்பட்டன, உயிர்கள் பலியாயின.

இதே காலத்தில் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிற் பிரவேசப் போராட்டம் நாடளாவிய கவனத்தைப் பெற்றது. ஆய்வாளர் கோயிற் பிரவேசத்துக்கு அளித்த முக்கியத்துவத்தைத் தேநீர்க்கடைக்கு அளித்தாரல்லர். பிறயன் பாபன்பேகர் போன்றோர் மாவிட்டபுர நெருக்கடியைத் தமிழ்த் தேசியவாதத்தின் உருவாக்கத்தோடு இணைத்து ஆராய்ந்தமை பயனுடையதே. எனினும் கோயில் ஆண்டின் சில நாட்களுக்கு உரியது. தேநீர்க்கடை நாளாந்த வாழ்வுக்கு உரியது. கோயிலில் ஆகமத்தின் பெயரால் விலக்கை நியாயப்படுத்த முயன்றோருக்குத் தேநீர்க்கடையில் எந்த ஆகமமும் துணைநிற்கவில்லை. அங்கே சாதி தன் சமய ஆடையைக் களைந்து, வெறும் அதிகாரமாகவே நின்றது. ஆதலினாற் சமூக வரலாற்றாசிரியனுக்குத் தேநீர்க்கடையே தெளிவான சான்றாகும்.

இலக்கியம் இவ்வுண்மையை முன்னரே கண்டுகொண்டது. என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்னும் சிறுகதை, தம்மைக் காணவந்த ஒடுக்கப்பட்ட இளைஞரை வீட்டினுள் இருத்த மனமின்றி நிலவொளியில் வெளியே அழைத்துச்செல்லும் சீர்திருத்தவாதி ஒருவரைக் காட்டுகின்றது. 1972இல் வெளிவந்த டானியலின் 'பஞ்சமர்' நாவல் ஒடுக்கப்பட்டோரின் வாழ்வையும் போராட்டத்தையும் விரிவாகச் சித்திரித்தது. மேடையிற் சமத்துவம் பேசுவோர் கோப்பை நீட்டும் தருணத்தில் தடுமாறுவதை எமது முற்போக்கு எழுத்தாளர் தவறாது பதிவு செய்தனர்.

ஐரோப்பிய நகரத்துச் சீன உணவகம்

சிறு சமூகமொன்று அந்நிய நகரில் உணவு சமைத்து விற்று வாழ்ந்த முறைக்குச் சீனக் குடும்ப உணவகம் சிறந்த எடுத்துக்காட்டு. இங்கிலாந்திலே இரண்டாம் உலகப் போரின் பின் பெருகிய சீன உணவகங்களை நிறுவியோருட் பெரும்பாலார் ஹொங்கொங்கின் புதிய பிரதேசங்களிலிருந்து வந்த விவசாயிகள். மானிடவியலாளர் ஜேம்ஸ் வற்சன் 1975இல் வெளியிட்ட நூலில், சான் ரின் கிராமத்து மான் குலக்குழுவினரின் வரலாற்றை ஆராய்ந்தார். அவர்களது வயல்கள் உவர்நீர் சார்ந்தவை. நெல் விலை வீழ்ச்சியுற்றபோது அயற்கிராமத்தவர் காய்கறிச் செய்கைக்கு மாறினர். உவர்நிலத்தில் அது இயலாதாகையால் மான் குலத்தவர் இலண்டனுக்கும் பிற ஐரோப்பிய நகரங்களுக்கும் சென்று உணவகத் தொழிலில் இறங்கினர். நிலம் கைவிட்டபோது கடல் கடந்தமை யாழ்ப்பாணத்தவருக்கும் அறிமுகமான கதையே. எம்மவர் அரச உத்தியோகத்தை நாடினர். அவர்கள் அடுப்பை நாடினர்.

ஏனைய நாடுகளில் வரலாறு வேறாக அமைந்தது. நெதர்லாந்திலே, 1949இல் இந்தோனேசியாவின் ஆட்சி கைமாறியபின் திரும்பிவந்த குடியேற்றவாசிகளின் நாவின் சுவையை அறிந்து, சீனர் தம் உணவோடு இந்தோனேசிய உணவையும் சேர்த்துப் பரிமாறினர். பிரான்சிலே, 1975க்குப் பின் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய நாடுகளிலிருந்து வெளியேறிய சீன வம்சாவளியினர் பாரிஸ் நகரின் பதின்மூன்றாம் வட்டாரத்தில் உணவகங்களை நிறுவினர். குடியேற்றவாதமும் போரும் மக்களைப் பெயர்த்த வழியிலேயே சமையலும் பெயர்ந்தது.

இவ்வுணவகங்களின் பொருளியல் குடும்ப உழைப்பிலேயே தங்கியுள்ளது. தந்தை அடுப்படியில் நிற்பார். தாய் பட்டறையிலும் சமையலறையிலும் மாறி மாறி உழைப்பார். பிள்ளைகள் பாடசாலை விட்டுவந்து ஒரு மூலை மேசையிற் பாடம் எழுதியவாறே வாடிக்கையாளரின் கட்டளைகளைக் குறித்துக்கொள்வர். பிரித்தானியாவில் 1962ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின் பின் தனியாட்கள் வருவது கடினமாகிக் குடும்பத்தவர் வந்து சேர்ந்தபோது, சிறு குடும்பக் கடைகள் மேலும் பெருகின. இவ்வுழைப்பிற் பெரும்பகுதிக்குக் கூலி இல்லை. 'குடும்பத்தினர் நடத்தும் கடை' என்று வாடிக்கையாளர் அன்போடு கூறும் தொடரினுள், பெண்களதும் சிறாரதும் ஊதியமற்ற உழைப்பு மறைந்து நிற்கின்றது என்பதை முற்போக்குச் சிந்தனையாளர் மறத்தலாகாது.

அத்தகைய உணவகத்தில் உணவருந்துவோன் முதலிற் காண்பது இலக்கமிடப்பட்ட உணவுப் பட்டியலாகும். பெயரை உச்சரிக்க அறியாதவரும் இலக்கத்தைச் சொல்லி உணவு பெறலாம். பரிமாறுபவருக்கு வந்தவரின் பெயரோ ஊரோ தேவையில்லை. 'எந்த ஊர்? ஆற்றை பிள்ளை?' என்னும் வினாவின் இடத்தை அங்கே ஓர் எண் பிடித்துக்கொள்கின்றது. வேறு வகையான இழிவுகள் அக்கடைகளுக்கு அந்நியமல்ல. இரவிற் குடித்துவிட்டு வரும் வெள்ளையரின் இனவெறிச் சொற்களைப் பட்டறையில் நிற்கும் சீனப் பெண் அறிவாள். ஆனால் அங்கே ஏளனம் பரிமாறுவோரை நோக்கியது. உண்ண வந்தவரை வாசலில் நிறுத்தும் விதி அன்று அது.

இரண்டாவதாகக் காண்பது உண்ணும் முறை. சீனரது வழக்கில் உணவு மேசையின் நடுவே வைக்கப்படும். ஒவ்வொருவரும் தம் குச்சிகளால் அப்பொதுத் தட்டிலிருந்து எடுத்து உண்பர். எச்சில் பற்றிய எமது கருத்துக்கு இது நேர்மாறானது. புதிய பிரதேசத்துக் கிராமங்களின் விருந்துகளிற் செல்வரும் வறியவரும் ஒரே பெருங்கலத்திலிருந்து உண்பதை வற்சன் 1987இல் எழுதிய மற்றொரு கட்டுரையில் விவரித்துள்ளார். கலத்தைப் பகிர்வதே அங்கு உறவின் அடையாளம். அச்சமத்துவம் குலக்குழு என்னும் வேலிக்குள் அடங்கியது என்பதையும் சேர்த்துச் சொல்லல் வேண்டும். எனினும் உணவைப் பகிரும் முறை ஒவ்வொரு சமூகத்தின் வரலாற்றினால் ஆக்கப்பட்டதேயன்றி மனித இயற்கையினால் விதிக்கப்பட்டதன்று என்பதை இவ்வொப்பீடு நிறுவுகின்றது.

கோப்பை கழுவிய கை

1983 யூலை வன்செயலின் பின் யாழ்ப்பாணத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஐரோப்பிய நாடுகளை நோக்கிப் புறப்பட்டனர். அவர்களுட் கணிசமானோருக்கு உணவகங்களின் பின்புறக் கதவே தொழிலுலகின் வாயிலாக அமைந்தது. சுவிற்சர்லாந்திற் புகலிடம் கோரியோருக்குத் திறந்திருந்த துறைகளுள் உணவகத்துறை முதன்மையானது. பாரிஸ், இலண்டன், பேர்ண் எனப் பல நகரங்களின் சமையலறைகளில் எம்மவர் வேலை செய்தனர். உணவகம் பிரெஞ்சுக்காரருடையதோ, இத்தாலியருடையதோ, சீனருடையதோ, தொடக்க வேலை ஒன்றே. 'கோப்பை கழுவுதல்' என்னும் தொடர் புலம்பெயர்ந்தோர் பேச்சில் ஒரு முழு வாழ்க்கைக் கட்டத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது.

கோப்பை என்னும் சொல் போர்த்துக்கேயரிடமிருந்து எமக்கு வந்தது. பீங்கான் என்னும் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. கலமும் பிறநாட்டது, அதன் பெயரும் பிறநாட்டது. தீட்டு மட்டுமே எமது சொந்தச் சேர்க்கை. யாழ்ப்பாண வழக்கிற் கோப்பை என்பது உணவுத் தட்டையும் குறிக்கும். 1960களிற் பஞ்சமர் ஒருவர் வாய்வைத்த கிளாஸைக் கழுவுவது தமக்கு இழிவென எண்ணிய சமூகத்தின் பிள்ளைகள், இரு தசாப்தங்கள் கழியுமுன் உலகின் எல்லா இனத்தவரும் உண்ட எச்சிற் கோப்பைகளை நாளொன்றுக்குப் பத்து மணிநேரம் கழுவினர். அருகில் அதே தொட்டியிற் கைவைத்து நின்றவர் ஊரில் எச்சாதியினர் என்பதை முதலாளி அறியார்; அறிந்தாலும் அவருக்கு அதனாற் பயனில்லை. கூலியும் அவமானமும் இருவருக்கும் சமமாகவே பகிரப்பட்டன.

இவ்வனுபவம் சாதியைக் கரைத்துவிட்டது என முடிவு செய்வது எளிது. ஆனால் அது சான்றுகளுக்கு இயைந்த முடிவாகாது. ஐரோப்பாவில் ஒரே சமையலறையில் ஒருங்கு உழைத்தோர், மகளுக்கு மணமகன் தேடும் வேளையில் ஊரும் சாதியும் விசாரிப்பதை நிறுத்தவில்லை. ஊர்ச் சங்கங்களினதும் கோயில்களினதும் நிர்வாகத்தில் பழைய எல்லைகள் புதிய வடிவங்களில் மீண்டன. தொழிலிடத்திற் சமத்துவம் அவர்கள் வேண்டிப் பெற்றதன்று. முதலாளியம் தன் தேவைக்காக அவர்கள்மீது சுமத்தியது. சுமத்தப்பட்ட சமத்துவம் வேலைநேரம் முடிந்ததும் மேலங்கியோடு கழற்றி வைக்கப்பட்டது. சந்தை மனிதரை ஒரே தொட்டியின்முன் நிறுத்த வல்லது. ஒரே பந்தியில் இருத்த அதனாலேயே இயன்றதில்லை.

இதனோடு சங்கானையை ஒப்பிடுவோம். அங்கே வாங்கில் அமர்ந்தோர், அவ்வாறு அமர்வதன் பொருளை நன்கறிந்து, அதன் விலையைச் செலுத்தி அமர்ந்தனர். எதிர்த்தோரும் அதன் பொருளை அறிந்தே எதிர்த்தனர். எனவே அங்கு பெறப்பட்ட உரிமை சமூக உணர்வில் ஆழப் பதிந்தது. இன்று குடாநாட்டின் எந்தத் தேநீர்க்கடையிலும் வெளிப்படையாகத் தனிக்கலம் வைக்க எவரும் துணியார். இவ்வெற்றி போரினால் விளைந்தது, இயக்கங்களின் ஆணையினால் விளைந்தது என்று சிலர் கூறுவர். போர்க்காலச் சூழல் சாதிய வெளிப்பாடுகளை அடக்கி வைத்தமை உண்மையே. ஆனால் தேநீர்க்கடையின் வாங்கு அதற்கு முன்னரே, நிராயுதபாணிகளான மக்களின் கூட்டுச் செயலினாற் பொதுவாக்கப்பட்டுவிட்டது. அப்பெருமையை அவர்களிடமிருந்து பறித்தல் வரலாற்றுக்குச் செய்யும் அநீதியாகும்.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம். முதலாவதாக, உணவுச்சாலை பொதுவிடமாவது விற்பனையின் இயல்பான விளைவன்று. யாழ்ப்பாணத்தில் விற்பனை நிகழ்ந்த இடத்திலேயே விலக்கும் நிகழ்ந்தது. கூட்டுப் போராட்டமும் அதனைத் தொடர்ந்த சட்ட அமுலாக்கமுமே அவ்விடத்தைப் பொதுவாக்கின. இரண்டாவதாக, குடும்பம் நடத்தும் உணவகம் என்பது அன்பின் அடையாளமாக மட்டுமன்றி, ஊதியமற்ற உழைப்பின் களமாகவும் நோக்கப்பட வேண்டியது. சீனக் குடும்பங்களைப் போன்றே ஐரோப்பிய நகரங்களிற் கடை திறந்துள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் இது பொருந்தும். பாரிஸ் லா சப்பல் பகுதியிற் பெருகியுள்ள தமிழ்க் கடைகளின் வரலாற்றை எழுத முனைவோர், பட்டறைக்குப் பின்னால் நிற்கும் பெண்ணின் உழைப்பையும் கணக்கிலெடுத்தல் வேண்டும். மூன்றாவதாக, புலம்பெயர்வு தானாகவே சமூக மாற்றத்தைக் கொணர்வதில்லை.

எஞ்சியுள்ள கேள்வி வீட்டுப் பந்தி பற்றியது. தேநீர்க்கடை திறந்தது, கோயில்கள் பலவும் திறந்தன. ஆனால் குடாநாட்டு வீடுகளின் உள்ளறைப் பந்தியும், அப்பந்தியை நிருணயிக்கும் மணவுறவும் இன்னும் முழுமையாகத் திறக்கவில்லை. போரினால் இடம்பெயர்ந்து நலன்புரி நிலையங்களில் நீண்டகாலம் தங்க நேர்ந்தோருட் பெரும்பாலார் ஒடுக்கப்பட்ட சாதியினராயிருந்தமையும், அவர்கள் அயற் கிணறுகளில் நீர் பெறுவதில் எதிர்கொண்ட இடர்களும் அண்மைக்கால ஆய்வுகளிற் சுட்டிக்காட்டப்பட்டுள்ளன. நிலமும் நீரும் எவரிடம் உள்ளன என்னும் பழைய வினா இன்னும் உயிர்ப்புடனேயே உள்ளது. அவ்வினாவுக்கு விடை காணும்வரை, சந்தியிற் கிடைத்த கிளாஸ் ஒரு முழுமையான உரிமையின் முதற்பகுதியாகவே இருக்கும். அம்முதற்பகுதியைப் பெற்றுத் தந்தோரின் பெயர்களும் செயல்களும், அவர்களோடு வாழ்ந்தோர் உயிருடன் இருக்கும்போதே ஊர் ஊராகத் திரட்டப்படல் வேண்டும். கோயிற் கல்வெட்டுக்களைப் படியெடுத்த ஆர்வத்தோடு தேநீர்க்கடையின் வரலாற்றையும் பதிவு செய்வது எமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களின் உடனடிக் கடமையாகும்.